சித்திரை வெயிலில் நாற்றைக் காக்க ஒரு குழாய்

குளிர் நாடுகளில் மண்ணில் குழாய்களைப் புதைத்து, மண்ணுக்குள் இருக்கும் சூட்டை வைத்துப் பசுமைக்குடிலைக் கதகதப்பாக்குவார்கள். காரைக்குடிப் பக்கம் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். சித்திரையில் வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும், ஏழெட்டு அடி ஆழத்து மண் 30 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும்.

அந்த ஆழத்தில் 4 அங்குல பிவிசி குழாயை 50, 60 அடி நீளத்துக்குப் புதையுங்கள். ஒரு முனை வெளியே நிழலில், மறுமுனை குடிலுக்குள். சின்ன ஃபேன் ஒன்று காற்றை இழுத்தால் போதும். குடிலுக்குள் இருக்கும் குழாய் முனையில் கையை வைத்தால் மண்பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். பெரிய கொட்டகைக்கு இது காணாது. பத்துக்குப் பத்து நாற்றங்காலுக்குச் சரி.

செலவு குழாயில் இல்லை, தோண்டுவதில்தான். நம்ம செம்புறாங்கல் கடப்பாரையையே மழுக்கிவிடும். வீட்டுக்கு சம்ப் வெட்ட ஜேசிபி வரும்போதே இதற்கும் பள்ளம் போட்டுக்கொள்ளுங்கள்.

குழாயைச் சற்றுச் சரிவாக இறக்குங்கள். உள்ளே வியர்க்கும் நீர் வடிய வேண்டும். வெளி வாயில் கொசுவலை கட்டாயம், இல்லாவிட்டால் ஓணான் குடியேறிவிடும். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் மூடி போட மறந்துவிடாதீர்கள்.