வயிற்றுக்கு ஆப் போட்டவர்கள் சறுக்கும் இடங்கள்

மாதக்கணக்கில் வயிற்று வலி. ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல். எல்லாவற்றையும் ஐபிஎஸ் (IBS, எரிச்சலுடைய குடல் நோய்) என்று நாமே முடிவு கட்டி, போனில் ஒரு தெரபி ஆப்பை இறக்கிவிடுவதுதான் முதல் தவறு. மலத்தில் ரத்தம், எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, இதில் ஒன்று இருந்தாலும் ஆப் காத்திருக்கட்டும். ஜிப்மரோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, முதலில் டாக்டரைப் பாருங்கள். குடல் அழற்சி நோயைக் கவுன்சலிங்கால் ஆற்ற முடியாது.

ஐபிஎஸ்தான் என்று உறுதியானால், "அப்போ எல்லாம் மனசுலதான், சும்மா நடிக்கிறான்" என்று வீட்டில் ஒரு குரல் வரும். குடலுக்கும் மூளைக்கும் நரம்புவழிப் பேச்சு ஓயாமல் நடக்கிறது. அதில் சத்தம் கூடிப்போவதுதான் இந்த நோய். வலி நிஜம்.

அடுத்தது, வலிக்கும்போது மட்டும் ஆப்பைத் திறப்பது. இது டைஜீன் மாத்திரை இல்லை. அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற ரெகுலோரா என்ற ஆப்பில், வயிற்றை மையமாக வைத்த ஹிப்னாஸிஸ் பயிற்சி மூன்று மாதம் ஓடும். அதுவும் மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத்தான், 22 வயது நிரம்பியவர்களுக்குத்தான். ஆகவே ஆப் வந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செமஸ்டருக்கு நான்கு நாள் முன்னால் தொடங்கிவிட்டு "வேலை செய்யல" என்பதிலும் நியாயமில்லை.

பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு, என் கணக்கில் அதுதான் பெரியது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காலை பஸ். வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது என்ற பயத்தில் இட்லி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், ஏறும் முன் கழிப்பறைக்கு மூன்று தடவை, சீட் கிடைத்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பது. ஆப் சொன்ன மூச்சுப் பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, இந்தத் தற்காப்புகள் ஒன்றையும் விடாதவர்கள் நிறைய. சிபிடி (CBT) என்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநல சிகிச்சையின் உயிர்நாடியே இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவதுதான். இந்த வாரம் அரை இட்லியோடு ஏறி, வழியிலுள்ள ரெட்டிச்சாவடி வரை போய்ப் பாருங்கள். சரி, ஒன்றும் ஆகவில்லையா? அடுத்த வாரம் ஒரு முழு இட்லி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வரை. பயந்தது நடக்கவில்லை என்று மூளைக்குத் தெரிய வேறு குறுக்கு வழி கிடையாது.

மல விவரம் வரை அந்த ஆப்பில் பதிகிறீர்கள். யாரிடம் போகிறது என்று விதிமுறைகளை ஒரு தடவையாவது படியுங்கள். அப்புறம், வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கு மனம் உடைந்தால் அதை ஆப்பின் சாட் பெட்டியில் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.