247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காதீங்க

நம்ம கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது என்றாலே எழுத்து அட்டையைச் சுவரில் ஒட்டி, தினமும் ஒப்பிக்கச் சொல்வதுதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, எல்லாம் முடிந்த பிறகுதான் சொல் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் பிள்ளைக்குச் சலித்துப்போகும். பெரிய தவறு இதுதான்.

ப, ட, ம மூன்றும் ட், ம் என்ற புள்ளி எழுத்து இரண்டும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். கூடவே ல, ல் சேர்ந்தால் டவுன் பஸ் போர்டில் இருக்கும் ‘பல்லடம்’ என்பதையே பிள்ளை தானாகப் படிக்கும், அந்த முகத்தைப் பாருங்கள், அடுத்த எழுத்தை அதுவே கேட்டு வாங்கும்.

அப்புறம் கால், கொம்பு விஷயம். கா, மா, பா என்று கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வரும், அதனால் அதை முதலில் சொல்லிக்கொடுங்கள். கு, சு, து மூன்றையும் பாருங்கள், ஒரே உகரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ‘தேங்காய்’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ தகரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. அங்கே பிள்ளை தடுமாறினால் கவனமில்லை என்று திட்டாதீர்கள், நிஜமாகவே அது கடினம்தான்.

பிள்ளை திக்கும்போது உடனே நாமே சொல்லிவிடுவதும் வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், பிறகும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள். கதைப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிறதா? மனப்பாடமாகவும் இருக்கலாம், அதிலிருந்து ஒரு சொல்லைத் தனியாக எழுதிக் காட்டிப் பாருங்கள்.

பெரியப்பா வீட்டுப் பையனோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள்.

இன்னொன்று, பிள்ளை வாசிக்கப் பழகியதும் நாம் கதை படித்துக்காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாதீர்கள், அதுவே படித்தால் எழுத்துக்கூட்டுவதிலேயே களைத்துவிடும், அம்மிச்சி மடியில் உட்கார்ந்து கேட்டால்தான் நீளமான கதை பிடிபடும், புதுச் சொல்லும் சேரும்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துகள் குழம்பிக்கொண்டே இருந்தால் ‘மக்கு’ என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமாகவும் இருக்கலாம், அதற்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்கும் முறைகள் இருக்கின்றன.