சாதாரணச் சளியா, நிமோனியாவா? மூச்சை எண்ணுங்கள்

கிராமச் செவிலியராக வீடு வீடாகப் போகும் எனக்கு ஸ்டெதாஸ்கோப்பைவிட வாட்ச்தான் அதிகம் உதவுகிறது. இருமும் குழந்தை அழாமல் மடியில் கிடக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம்; சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது.

2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 மூச்சு, ஒரு வயதுக்குள் 50, அப்புறம் 5 வயதுவரை 40. இதைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோய்க்குக் காரணம் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸா, நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவா என்று சளியின் நிறம் சொல்லாது. வைரஸாக இருந்தால் ஆன்டிபயாடிக் கேட்காது; அதனால் போன மாதம் மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப்பை ஊற்றாதீர்கள்.