ஊட்டில இருந்து ஜெகன்மோகன் பேலஸ் பாக்க போறீங்களா

மைசூர் போனா நம்ம ஊட்டி ஆளுங்க பெரிய பேலஸ், ஜூ, சாமுண்டி மலைன்னு சுத்திட்டு கடைசில டைம் இருந்தா ஜெகன்மோகன் ஆர்ட் கேலரிக்கு போவாங்க, அப்போ கால் வலில எதையும் பாக்க தோணாது. அதனால இதை முதல்ல வச்சுக்கோங்க, பெரிய பேலஸ் பக்கத்துலதான் இருக்கு, எங்கயும் ஓடிடாது.

காலைல சீக்கிரமா மைசூர் பஸ் பிடிங்க. கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டைன்னு போகும், நாலஞ்சு மணி நேரம் ஆகும். ஸ்வெட்டரோட கிளம்புவீங்க, குண்டல்பேட்டைக்கு முன்னாடியே கழட்டிடுவீங்க, அதை வைக்க பைல இடம் விட்டுக்கோங்க.

கட்டடத்தோட கதைய தெரிஞ்சுக்கிட்டு போங்க. 1861ல மூணாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டினது. 1897ல பழைய மர அரண்மனை தீப்பிடிச்சு போச்சுல்ல, இப்ப இருக்கிற பெரிய பேலஸ் 1912ல முடியிற வரைக்கும் ராஜ குடும்பம் இங்கதான் இருந்துச்சு, 1902ல நாலாம் கிருஷ்ணராஜருக்கு முழு அதிகாரம் குடுத்த விழாவும் இங்கதான், அப்போ வைஸ்ராயா இருந்த கர்சன் பிரபுவே வந்திருந்தாரு. 1915ல கேலரி ஆக்கினாங்க.

உள்ள போனா பிரெஞ்சு கடிகாரத்த விட்டுறாதீங்க, மணிக்கு ஒரு தடவை குட்டி சிப்பாய்ங்க அணிவகுத்து வர்ற மாதிரி செஞ்சது. ரவி வர்மா படங்களுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்க, முதல்ல தள்ளி நின்னு முழுசா பாருங்க, அப்புறம் கிட்ட போய் பட்டுச்சேலையோட ஜரிகைய பாருங்க, காலண்டர்ல பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு புரியும்.

அப்புறம் விளக்கு ஏந்திய பொண்ணு படம். அதுவும் ரவி வர்மான்னு பக்கத்துல யாராவது கண்டிப்பா சொல்லிட்டு இருப்பாங்க, ஆனா அவர் 1906லயே போயிட்டாரு, இது ஹல்தங்கர்னு ஒரு ஓவியர் 1940கள்ல தன் மகளையே நிக்க வச்சு வரைஞ்சது. ஆயில் பெயின்ட்டும் இல்ல, வாட்டர் கலர்! தப்பா ஒரு கோடு போட்டா அழிச்சு திருத்துறது கஷ்டம், அதுல போய் விரல் இடுக்குல தெரியிற சிவப்ப கொண்டு வந்திருக்காரு பாருங்க. இருட்டு ரூம்ல வச்சிருப்பாங்க, கண்ணு பழக கொஞ்சம் நேரம் குடுங்க, கூட்டம் நகர்ந்ததும் திரும்ப ஒரு தடவை பாருங்க. ஃபோட்டோ எடுக்கலாமான்னு டிக்கெட் வாங்குறப்பவே கேட்டுக்கோங்க.

சொந்த வண்டின்னா திரும்புற டைம்ல உஷார். பந்திப்பூர் ரோடு ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிருவாங்க, ஆம்புலன்சும் குறிப்பிட்ட சில பஸ்சும் மட்டும்தான் போகும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரிய பேலஸ் லைட்டையும் பாக்கணும்னு ஆசைப்பட்டா மைசூர்லயே ரூம் போட்டுடுங்க, பாத்துட்டு கிளம்பி 9க்குள்ள பந்திப்பூர் கேட்டை தாண்டிடலாம்னு கணக்கு போடாதீங்க.