பெற்றோரோடும் உடன்பிறப்புகளோடும் ஏற்காட்டில் நடக்க: வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிட்னியில் போண்டாய் கடற்கரையிலிருந்து கூஜி வரை கடலோரப் பாறைகளை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. சுமார் 6 கிலோமீட்டர். அப்பாவும் அம்மாவும் எங்களிடம் வந்திருந்தபோது, கனடாவிலிருந்து அக்காவும் வந்து சேர, எல்லோருமாக அதை நடந்து முடித்தோம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, அம்மாவுக்கு அறுபத்தேழு. "இதென்னடா பெரிய தூரம்" என்றார் அப்பா. அந்தத் தைரியத்தில் அடுத்த டிசம்பரில் சேலம் போய் இறங்கிய மறுநாளே, பெங்களூரிலிருந்து தம்பியையும் வரச்சொல்லி, ஏற்காட்டுக்கு வண்டி ஏறினோம். முதல் நடையாகக் கிளியூர் அருவிக்குப் போனோம். அது தப்பு.

மழை முடிந்த கையோடு போனால் கிளியூர் அருவி பார்க்கக் கண் கொள்ளாது. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் கீழே போக நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது மூச்சு வாங்காததால் முழங்கால் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை. திரும்பி ஏறும்போது பாதி வழியில் அம்மா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். வலது முழங்காலை இறுகப் பிடித்திருந்தார். "நீங்க போங்க கண்ணு, நான் மெதுவா வர்றேன்" என்றார். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து தன் கைத்தடியை நீட்டி, "ஏறுறப்ப நல்ல காலை முதல்ல வைங்க அம்மணி, இறங்குறப்ப நோவுற காலை முதல்ல வைங்க" என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்டும் அதையேதான் சொன்னார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மலைக்குப் போகுமுன் வீட்டுப் படியிலேயே இதைப் பழக்கிவிடுங்கள்.

அன்றிரவு விடுதியில் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தோம். சிட்னியில் 6 கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு இங்கே என்ன ஆயிற்று? அங்கே வழியெங்கும் உட்கார பெஞ்சு, குடிநீர்க் குழாய், கழிப்பறை, சரிவில் கைப்பிடி. நடுவில் களைத்தால் வழியிலிருக்கும் பிரான்ட்டே (Bronte) கடற்கரையில் பஸ் ஏறிவிடலாம். அங்கே நகராட்சி செய்து வைத்திருப்பதை ஏற்காட்டில் நாமே செய்துகொள்ள வேண்டும். முடியாத காரியமில்லை.

முதலாவது, வண்டி. ஓட்டுநரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்து, அதே வழியில் திரும்பி வராதீர்கள். நீங்கள் நடக்கத் தொடங்கியதும் வண்டி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்க் காத்திருக்கட்டும். முடியாதவர் ஏறிக்கொள்வார், முடிந்தவர் மேலே நடப்பார். வண்டியில் இரண்டு மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு துண்டு இருந்தால் போதும். சேலத்து ஓட்டுநராகப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து ஓட்டிப் பழகியவர் வேண்டும். பன்னாட்டு உரிமம் இருக்கிறதே என்று நீங்களே ஓட்ட வேண்டாம். பேட்டா, சாப்பாடு, இரவு தங்க இடம் மூன்றையும் ஓட்டுநரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இரண்டாவது, கழிப்பறை. பெரியவர்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் நடப்பது இதற்குப் பயந்துதான். ரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் சிரமம். காலையில் விடுதியில் முடித்துக்கொண்டு கிளம்பி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி விடுதிக்கோ நல்ல ஓட்டலுக்கோ வந்துசேரும்படி நடையை வையுங்கள். அம்மாவிடம் இதை அக்காதான் கேட்க வேண்டும். மகன்களிடம் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, செருப்பு. அப்பாவுக்கு நான் வாங்கி வந்த ஷூ அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அளவு சின்னது, சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று வாயே திறக்கவில்லை. வாங்குமுன் சாயங்காலம் பெற்றோரை ஒரு தாளில் காலை வைத்து வரையச் சொல்லி, அளவு நாடாவையும் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். சாயங்காலத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. மலைக்குப் போக இரண்டு வாரம் முன்பாவது தினமும் போட்டு நடந்திருக்க வேண்டும்.

போய்ச் சேருவது சுலபம். சென்னையில் இறங்கினால் ரயிலில் சேலம் சந்திப்பு. கோவை, பெங்களூர், திருச்சி விமான நிலையங்களிலிருந்து சாலை வழி. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு நாள் வீட்டில் தூங்கி எழுந்து பிறகு ஏறுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், பெரியவர்களும் அப்போதே எழுந்துவிடுவார்கள். ஆறரைக்கு நடை தொடங்க இதைவிட வசதி வேறில்லை.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் பனி இறங்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி உண்டு, கூட்டமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். மழை அறிவிப்பு இருந்தால் ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.

எங்கே நடப்பது? முதல் நாள் காலை ஏரிக்கரை, அண்ணா பூங்கா. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. சாயங்காலம் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தால் கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவது தெரியும். மேகமில்லாத பகலில் மேட்டூர் அணைத் தண்ணீர்கூடத் தெரியும். பகோடா பாயின்ட் அதிகம் ஏறி இறங்காமல் பார்க்கக்கூடிய இடம். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்திலும் நிதானமாக நடக்கலாம்.

எனக்குப் பிடித்தது எஸ்டேட் சாலைகள். ஏற்காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் வட்டச் சாலை இருக்கிறது. அதில் மூன்று கிலோமீட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். டிசம்பர், ஜனவரியில் பழம் சிவந்து கிடக்கும். கோடை மழை விழுந்த சில நாளில் பூத்தால் மல்லிகை மாதிரி மணக்கும். வேலி தாண்ட வேண்டாம், தோட்டங்கள் தனியார் சொத்து. விடிகாலையிலும் அந்தியிலும் காட்டு மாடு சாலைக்கு வரும். பார்த்தால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். படம் எடுக்கப் பக்கத்தில் போகவே கூடாது. குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏற ஆசையிருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேல் இருக்கும் குண்டூருக்கு ஏறும் பாதை அதில் ஒன்று. அது உடன்பிறப்புகளுக்கு. ஒருவர் பெற்றோரோடு விடுதியில் இருக்க, மற்ற இருவர் போய்வரலாம். கோடையில் தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுவார்கள்.

கடைசி நாளுக்குச் சேர்வராயன் கோயிலை வைத்துக்கொள்ளுங்கள். 5,300 அடிக்கு மேல், ஆனால் வண்டி உச்சிவரை போகும். மேலே பரந்த சமவெளி. கோயில் ஒரு குகை, குனிந்துதான் நுழைய வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே. இந்த மலையில் வாழும் 'மலையாளி' பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) மே மாதத்தில் திருவிழா எடுக்கும் சாமி இது. அம்மா வெளியே புல்வெளியில் தடியோடு எங்களுக்கு முன்னால் நடந்துபோனார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு பஸ்ஸில் இங்கே வந்த கதையை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார்.

உடன்பிறப்புகளுக்குள் ஒரு விஷயம். ஊரில், அல்லது ஊருக்குப் பக்கத்தில், இருப்பவர் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள். எந்த மாத்திரை எப்போது, அப்பா எதை மறைப்பார் என்பதெல்லாம் தம்பிக்குத்தான் தெரிந்திருந்தது. நானும் அக்காவும் திட்டம் போட்டு அவனிடம் சொன்னோமே தவிர, கேட்கவில்லை. பணத்தையும் அன்றன்று இரவே கணக்குப் பாருங்கள். கடைகளில் ஜிபே இருக்கிறவர் கொடுத்துவிடுவார், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள், அது மனதில் தங்கும். நம் வெளிநாட்டு அட்டையைச் சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள், ஐம்பது நூறு ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள்.

சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் உடனே உட்காரவைத்துச் சர்க்கரையோ பழச்சாறோ கொடுங்கள். அவசரத்துக்கு 108. எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் ஓட்டுநரை எங்கே நிற்கச் சொன்னோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இறங்கும்போது மிளகும் காப்பித்தூளும் வாங்கலாம். ஆஸ்திரேலியா திரும்புபவர்கள் விமான நிலையப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். சேலத்துக்குள் வந்ததும் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கையில் வாங்கிய உடனே சாப்பிட வேண்டும், ஐந்து நிமிஷத்தில் நமுத்துவிடும். அம்மாவுக்கு வண்டிக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுங்கள், காரம் குறைத்து.