திமிங்கலக் கறி இருக்கும் மேசையில் உட்காருவது எப்படி

ஜப்பானில் இருக்கும் ஷிமோனோசெகிக்கு வேலைக்கு வருகிற நம்மவர்கள் என்னிடம் முதலில் வாடகை பற்றிக் கேட்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்கே திமிங்கலம் சாப்பிடுவாங்களாமே, நம்ம தட்டிலும் வைப்பாங்களா?" என்பார்கள். வைப்பார்கள். ஜப்பானின் புதிய திமிங்கல வேட்டைத் தாய்க்கப்பல் 'காங்கெய் மாரு' 2024-ல் முதல் பயணம் கிளம்பியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். பத்து வருடம் இங்கே இருந்து பழகியதை எழுதி வைக்கிறேன்.

முதலில் முகத்தைக் கட்டுப்படுத்துங்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த பீஃப். கல்லூரி விடுதியில் ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவள் என்ன கறி என்று கேட்டாள், சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, எவர்சில்வர் தட்டைக் கடப்பைக்கல் மேசையில் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே சத்தத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அருவருப்பைக் காட்டத்தான் உரிமை இல்லை.

சொல்லும் விதம் எளிது. "ச்சொத்தோ நிகதே தெசு" என்றால் போதும். 'எனக்கு அது அவ்வளவாக ஒத்துவராது' என்ற பொருள் வரும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். விருந்து என்றால் மேசை பதிவு செய்கிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபிறகு மறுப்பது பரிமாறியவருக்குச் சங்கடம். மதத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அது உண்மையாக இருந்தால் தவிர.

தெரியாமல் சாப்பிட்டுவிடக் கூடாது என்றால் ஒரு எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். திமிங்கலத்துக்கான எழுத்தில் இடப்பக்கம் 'மீன்' இருக்கும், வலப்பக்கம் டோக்கியோ, கியோட்டோ இரண்டு பெயரிலும் வரும் 'தலைநகர்' எழுத்து இருக்கும். வாயால் சொன்னால் 'குஜிரா'. மெல்லிய வெள்ளைத் துண்டு, ஓரம் மட்டும் பளிச்சென்று சிவப்பு என்றால் அது திமிங்கல பேக்கன், பன்றி இல்லை. கருஞ்சிவப்பாக, சமைக்காமல், இஞ்சியோடு வந்தால் சஷிமி. சோயா சாஸில் ஊறவைத்து மாவு தூவிப் பொரித்தது தத்சுதா-அகே.

வந்த முதல் வருடம் நான் சாப்பிட்டேன். மாட்டிறைச்சிக்கும் ஈரலுக்கும் நடுவில் ஒரு ருசி, நன்றாகவே இருந்தது. சில வருடம் கழித்து நிறுத்திவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்தத் திமிங்கலம் என்று கேட்பது அடுத்த வேலை. 'திமிங்கலம்' என்று ஒரே பிராணி கிடையாது. கராதோ மீன் சந்தையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் இனமும் பிடித்த இடமும் அச்சடித்திருக்கும். மின்கே, பிரைட் என்ற இனங்கள் இரண்டும் உலக அளவில் அழிவின் விளிம்பில் இல்லை. சேய் திமிங்கலம், அழியும் ஆபத்தைக் கணக்கிடும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'அருகிவரும்' இனம். 2024-ல் ஜப்பான் மறுபடி பிடிக்கத் தொடங்கிய துடுப்புத் திமிங்கலம் ஆபத்தில் அதற்கு ஒரு படி கீழே, 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய' இனம். பல் உள்ள இனங்களின் கறியில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம்.

இனி, பேச்சு விவாதமாக மாறும்போது. "இது எங்கள் பண்பாடு" என்று ஒருவர் சொல்வார், "காட்டுமிராண்டித்தனம்" என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்வார். இரண்டையும் அப்படியே விழுங்காதீர்கள். கடற்கரையோர வேட்டை இங்கே நூற்றாண்டுகள் பழையது. நாகதோ நகரத்தின் கயோய் ஊருக்குப் போய்ப் பாருங்கள். 1692-ல் எழுப்பிய ஒரு கல் நிற்கிறது. பிடித்த தாய்த் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கருக்குட்டிகள், எழுபதுக்கும் மேல், அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன. கோவிலில், செத்த மனிதர்களுக்குப் போலவே திமிங்கலங்களுக்கும் இறந்தபின் வைக்கும் பெயரை வைத்து ஏடு எழுதியிருக்கிறார்கள். நான் போன அன்று மழை. கல்லின் முன்னால் யாரோ புதுப்பூ வைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களைக் காட்டுமிராண்டி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் அண்டார்டிக் வரை கப்பல் அனுப்பியது அந்தப் பண்பாடு இல்லை. அது 1934-ல்தான் தொடங்கியது. அங்கே முன்னரே நார்வேயும் பிரிட்டனும் எண்ணெய்க்காக வேட்டையாடிக்கொண்டிருந்தன. அந்த எண்ணெய் மார்கரினாகவும் சோப்பாகவும் போனது. இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த அண்டார்டிக் நீலத்திமிங்கலங்கள் சில நூறாகச் சுருங்கின. பிறகு 1982-ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. ஜப்பான் 1987 முதல் 'ஆராய்ச்சி' என்ற பெயரில் தெற்கே பிடித்தது. அந்த வேட்டை அறிவியலுக்கானது என்று ஏற்க முடியாது என 2014-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் ஜப்பான் ஆணையத்தை விட்டு விலகி, தன் கடல் எல்லைக்குள் மட்டும் வெளிப்படையாகப் பிடிக்கிறது. ஆராய்ச்சி என்ற பொய்யை விட இது மேல் என்பது என் எண்ணம்.

கடைசியாக உங்களுக்கென்று ஒரு அளவுகோல் வையுங்கள். புத்திசாலிப் பிராணி என்பதை அளவாக வைத்தால் பன்றி தப்பிக்க வேண்டும். அழகு, தெய்வம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நான் வைத்திருப்பது, அது எப்படிச் சாகிறது என்பது. ஆடும் கப்பலிலிருந்து, மூச்சுவிட மேலே வந்து முங்கும் உயிரின் மீது, நுனியில் வெடிகுண்டு வைத்த ஈட்டியைச் சுடுகிறார்கள். நார்வேயில் 2011, 2012-ல் கவனித்துப் பதிவு செய்த மின்கே வேட்டையில் நூற்றுக்கு 82 உடனே செத்தன. ஐஸ்லாந்தில் 2022-ல் பிடித்த 148 துடுப்புத் திமிங்கலங்களில் 36-ஐ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சுட வேண்டியிருந்தது. எத்தனை திறமைசாலி சுட்டாலும் கடல் ஒத்துழைக்காது. இதைப் படித்த அன்றுதான் நிறுத்தினேன்.

அதே அளவை நம் ஊருக்கும் வைக்க வேண்டும். டூவீலரின் இரண்டு பக்கமும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட பிராய்லர் கோழிகள் வெயிலில் அலகைத் திறந்தபடி போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! ஊருக்குப் போகும்போது அந்தக் கோழியை நான் வாங்குவதில்லை. திமிங்கலத்துக்காக மட்டும் கலங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் பிரிவில் ஓய்வு பெற்றும் வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர். பள்ளியில் மதிய உணவுக்குத் தந்த திமிங்கலப் பொரியலைச் சாப்பிட்டு வளர்ந்தவர். 1962 வாக்கில் ஜப்பானில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் திமிங்கலக் கறி சாப்பிட்டார்கள், அவர் அந்தக் காலத்துப் பிள்ளை. நான் ஏன் சாப்பிடுவதில்லை என்று அவர் ஒருமுறை கேட்டார். கப்பல், ஈட்டி, எண்கள் எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் எந்தக் கறியைக் கண்டு ஆட்கள் நகர்ந்து உட்காருவார்கள்?" என்றார். பத்து வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. விடுதிக் கதையைச் சொன்னேன். அவர் தன் தட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "அந்த பீஃபை எப்படிச் சமைப்பீர்கள்?" என்றார். தேங்காய்க்கொத்து எந்த அளவில் நறுக்க வேண்டும் என்பதை விரல் நுனியில் காட்டினேன்.