பள்ளியை விட்டு பார்சல் டெலிவரிக்கு வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கும் பஞ்சமில்லை, பி.எட். முடித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. அதனால் பல பள்ளிகளில் சம்பளம் ஏறுவதே இல்லை. வருடக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டு, கடனும் பிள்ளைகளின் செலவும் நெருக்கும்போது பார்சல் டெலிவரிக்கு வருகிறவர்களைத் தக்கலைப் பக்கம் ஹப்பில், அதாவது பார்சல்கள் வந்து இறங்கிப் பிரிகிற இடத்தில், அடிக்கடி பார்க்கிறேன். வருவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வருகிற விதத்தில் ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல், ராஜினாமா எழுதும் முன்பு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் நடந்திருக்காது.

கோபத்தில் எழுதிக் கொடுப்பதுதான் முதலில் வருகிறது. சேர்க்கைக்குப் பிள்ளை பிடித்து வரச் சொன்னார்கள், எல்லார் முன்னாலும் கரஸ்பாண்டென்ட் திட்டினார், சரி, இனி வேண்டாம் என்று வருடத்தின் நடுவில் வெளியே வந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தீபாவளி விற்பனை நேரமாக இருக்கும். அப்போது ஹப்பில் ஆள் தேவை, கை நிறைய லோடு கிடைக்கும். கிறிஸ்துமஸ் வரை ஓடும். ஜனவரியில் லோடு குறையும்போது, புதிதாக வந்தவருக்குத்தான் முதலில் குறையும். அதனால் பள்ளியை விடும் முன்பே ஏப்ரல், மே விடுமுறையில் முழு நேரமாக ஓடிப் பாருங்கள். அதுவும் போதாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடுங்கள். இங்கே மழை வருடத்துக்கு இரண்டு பருவம். அதில் ஓடிப் பார்க்காமல் இந்த வேலை ஒத்துவருமா என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, கைக்கு வருகிற பணத்தைச் சம்பளம் என்று நினைப்பது. பார்சலுக்கு இவ்வளவு என்று கிடைப்பது வரவு மட்டும்தான், அதிலிருந்து வண்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு எடுத்துக்காட்டு. பைக்கில் நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், மைலேஜ் 45, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஏறத்தாழ 178 ரூபாய். 26 நாளுக்கு 4,600க்கு மேல். அந்த மாதத்தில் வண்டி 2,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அப்படியானால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், டயரை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். செயின், பிரேக் ஷூ, கிளட்ச் எல்லாம் உண்டு. பள்ளிக்குப் போய் வந்த பைக்கில் இவையெல்லாம் கண்ணுக்கே தெரியாத செலவுகள். இதோடு, பல பள்ளிகளில் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், நிர்வாகமும் தன் பங்கைப் போட்டது. ‘டெலிவரி பார்ட்னர்’ என்று சேர்த்துக்கொள்கிற இடத்தில் அது கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வரவு இல்லை. மாத வரவிலிருந்து இவை அத்தனையும் கழித்த பிறகு நிற்கிற தொகையைப் பழைய சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பலருக்கு அப்போதும் இந்தப் பக்கம்தான் கூடுதலாக வரும். சிலருக்கு வராது. எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கென்றே உள்ள தவறு, எந்த ரூட் என்று கேட்காமல் சேர்வது. அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் ஊர் என்றால் தெரு இருக்கும், வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும், ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நாலு பார்சல் கொடுத்துவிடலாம். கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார் பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள்ளே, அதாவது தோட்டத்துக்குள்ளே, தனியாக நிற்கும். ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஏற்றம், குறுகலான காங்கிரீட் பாதை, கடைசியில் படிக்கட்டு. அதே எண்ணிக்கை பார்சலுக்கு இந்த மேற்குப் பக்கத்தில் பல நேரம் இரண்டு மடங்கு நேரம் போகும். முகவரியோ குருசடிக்கு (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) எதிரில், சாஸ்தா கோவிலுக்குப் பின்னால், இன்னார் கடையிலிருந்து கீழே இறங்கி என்று இருக்கும். மேப்பில் வருகிற புள்ளி பட்டணங்கால் கால்வாய்க்கு அக்கரையில் நிற்கும், பாலம் எங்கோ தள்ளி இருக்கும். கடற்கரை ஊர்களில் வீடுகள் நெருக்கம்தான், ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அந்தோணி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். அப்பா பெயரும் வீட்டுப் பெயரும் தெரியாமல் வேலை ஆகாது. அதனால் பார்சலுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஏரியா, ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேளுங்கள். முடிந்தால் நீங்கள் பாடம் எடுத்த ஊரைச் சுற்றியே வாங்குங்கள். பிள்ளைகளை வைத்து வீடுகளைத் தெரிந்து வைத்திருக்கிற ஆசிரியருக்கு மேப் தேவைப்படாது. பழைய மாணவன் வீட்டு வாசலில் பார்சலோடு நிற்பதற்குக் கூச்சப்பட்டு தூரத்து ரூட் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு தினமும் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும். பெற்றோர்கள் இப்போதும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஆசிரியர்கள் மனுஷரை நம்பிப் பழகியவர்கள். இந்த வேலையில் அது பணமாகக் கழியும். இங்கே பல வீடுகளில் மகன் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடுவான், வீட்டில் வயதான அம்மா மட்டும் இருப்பார். “அம்மா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க” என்றால், “அது மகனுக்க போனுக்குல்லா போவும், அவன் டூட்டியில இருப்பான் மக்களே, நீ வச்சிட்டுப் போ, ராத்திரி சொல்லச் சொல்லுதேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எண் வராமல் கொடுத்துவிட்டு வந்தால், அந்தப் பார்சல் கணக்கில் உங்கள் கையில்தான் இருக்கும். இரவு மகன் போனை எடுக்காவிட்டால் அதன் விலை உங்கள் தலையில். காலையில் பார்சல் பிரிக்கும்போதே இப்படிப்பட்ட வீடுகளைத் தனியாகக் குறித்து, முன்கூட்டியே ஆளைப் பிடித்து நேரம் பேசிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையா, திருப்பிக் கொண்டு வாருங்கள். சி.ஓ.டி. பணமும், அதாவது பார்சலைக் கொடுக்கும்போது வாங்குகிற பணமும், அப்படித்தான். வாசலிலேயே எண்ணி, சொந்தப் பணம் இல்லாத தனிப் பையில் போட வேண்டும். மாலையில் ஹப்பில் ஒரு ஐந்நூறு குறைந்தால் எந்த வீட்டில் குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சேர்ந்த வேகத்தில் தவணைக்கு வேன் எடுப்பதையும் பார்க்கிறேன். குறைந்தது ஒரு மழைக்காலம் போகட்டும். எடுத்தால் மஞ்சள் போர்டில், அதாவது வாடகை வண்டியாகப் பதிந்து, எடுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, ஆனால் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) வணிக இன்சூரன்ஸும் கட்டாயம். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த, சொந்தக்காரரின் வெள்ளை போர்டு வண்டியை வாங்கிக் கூலிக்கு ஓட்டாதீர்கள். பைக்குக்கும் இது பொருந்தும். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில், கூலிக்கு ஓடும்போது விபத்து நடந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் வேலையைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, பள்ளியிலிருந்து வாங்க வேண்டியதை வாங்காமல் வருவதுதான். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடை, உண்டு. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி ஆக்கினார்கள். எதிர்த்துப் பள்ளிகள் போட்ட வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000 வாங்கியவர் 8 ஆண்டு இருந்திருந்தால் ஏறத்தாழ 69,000 ரூபாய் வரும். நல்ல ஒரு பழைய பைக் வாங்கலாம். கேட்டால் சங்கடம் என்று விட்டுவிடுகிறார்கள். ஏன் சங்கடம்? உழைத்த பணம். வேலையை விட்ட 30 நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பித்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையிடம் போகலாம்.

பி.எஃப்.பில் வெளியேறிய தேதியைப் பள்ளி பதிந்ததா என்று பாருங்கள். பதியாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனுக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். அதற்குக் குறைவாக இருக்கிறவர்கள் அவசரப்பட்டுப் பென்ஷன் பணத்தை எடுக்காமல் சேவை ஆண்டுகளைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், பிறகு பி.எஃப். உள்ள வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகளும் சேரும். அப்புறம், பள்ளி அலுவலக பீரோவில் கிடக்கிற உங்கள் அசல் சான்றிதழ்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடுவது நல்லது. அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் ஆர்டரும் சேர்த்து வாங்குங்கள். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்றவர்களுக்கு, 2011 முதலான சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021இல் அறிவித்துவிட்டார்கள். ஆகவே திரும்பிப் போகிற கதவு மூடிவிடாது, காகிதங்கள் கையில் இருந்தால்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. கேட்டைத் தட்டாமல் உள்ளே போகாதீர்கள், நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியை அன்றைக்கே தொடங்குங்கள், ஒரு தவணையையும் விடாதீர்கள்.

பார்ட்னராகச் சேர்கிறவர்கள் அரசின் பதிவை ஒத்திப்போட வேண்டாம். இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது ஆப் வழியாக வேலைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2023இல் தனி நலவாரியம் அமைத்தது. 2025–26 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். இப்படி ஏதாவது அறிவித்த பிறகு பதிவோம் என்று இருந்தால் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு, ஹப்பில் சேர்ந்த வாரமே பதிந்துவிடுங்கள்.